கன்னத்தில் இறங்கியது

மாலதியின் வளைகாப்புக்கு ஐந்து வகைச் சோறும் கிளறியவள் இசைவாணி. பந்தலில் பெண்கள் ஒவ்வொருவராகப் போய் மாலதியின் கையில் கண்ணாடி வளையல் மாட்டி, கன்னத்தில் சந்தனம் தடவி வந்தார்கள். மாலதி, இசைவாணியின் கணவன் சேரனுக்கு ஒரே தங்கை. அண்ணி முறையில் முதல் வளையலை இசைவாணிதான் போட்டிருக்க வேண்டும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு பந்தல் பக்கம் வந்தபோது மாமியார் ராமாயி அவள் முகத்தைப் பார்க்காமலே, "வாணி, பாயசத்துக்கு முந்திரி வறுத்தாச்சா, போய்ப் பாரு" என்றாள். முந்திரி எப்போதோ வறுத்தாகிவிட்டது. இசைவாணி திரும்பிப் போய் வறுத்த முந்திரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு இரண்டு தடவை தரித்தது. இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில் போனது. ராமாயி கெட்டவள் இல்லை. அந்தச் சமயம் ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து மருமகளின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே அழுதவள். ஆனால் பிள்ளை தங்காதவள் வளையல் போடக்கூடாது என்பதில் அவளுக்கு இரண்டாம் யோசனையே கிடையாது.

இசைவாணி திருவையாற்றில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். அவர்கள் தெருவில் எம்.ஏ. படித்த முதல் பெண் அவள்தான். அவளைப் பெற்றவர்கள் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து நட்டவர்கள். சேரன் அறுவடை மெஷின் ஓட்டினான். சம்பா முடிந்ததும் மெஷினோடு ஆந்திரா பக்கம் போய் இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்புவான். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம் உண்டு. குழந்தையைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

கொஞ்ச நாளாக அவளுக்குக் காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கவில்லை. சாக்பீஸ் நழுவி விழுந்தது. சாயங்காலமானால் உள்ளுக்குள் காய்ச்சல் அடித்தது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

அந்த நாட்களில்தான் செல்போனில் பூமிகா மேடத்தின் வீடியோ ஒன்று அவள் கண்ணில் பட்டது. சென்னையிலிருந்து பேசும் பெண். உங்களுக்கு வேண்டியது ஏற்கெனவே உங்களிடம் வந்துவிட்டது என்று நம்பி, வாய்விட்டுச் சொல்லுங்கள், பிரபஞ்சம் கொண்டுவந்து கொடுக்கும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு நடந்தது. இசைவாணி சேர்ந்தாள். தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, "நான் அம்மாவாகிவிட்டேன். என் குழந்தை நலமாக இருக்கிறது" என்று சொல்வாள்.

சேரன் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டான்.

"என்னது வாணி இது?"

"மேனிஃபெஸ்டேஷன்."

"அப்படின்னா?"

"உள்ளுக்குள்ள இருக்கறது வெளிய வந்து நிக்கறதுங்க. நெனப்பா இருக்கறது நெஜமா வர்றது."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டான். "சொல்லு. சொன்னா என்ன கொறைஞ்சுடப் போவுது" என்றுவிட்டு வெளியே போனான்.

ஆடி மாதம் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தார்கள். இசைவாணியும் ஆற்றிலிருந்து கோயில்வரை குடம் சுமந்து நடந்தாள். நல்ல வெயில். மறுநாள் காலை கண்ணாடி முன் நின்றபோது இரண்டு கன்னமும் சிவந்து தடித்திருந்தன. சிவப்பு மூக்குத்தண்டின்மேல் ஏறி ஒரு கன்னத்தையும் மறு கன்னத்தையும் சேர்த்திருந்தது. யாரோ இரண்டு கையாலும் குங்குமத்தை அப்பிவிட்டது போல இருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

ராமாயி பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். "அம்மா எறங்கியிருக்கா" என்றாள். வாசலில் வேப்பிலை செருகி, கவிச்சியை நிறுத்தி, மருமகளுக்கு இளநீரும் மோரும் கொடுத்தாள்.

"அம்மையா இருந்தா முத்து போடணுமே அத்தை. இது வெறும் சிவப்பா இருக்கு."

"எல்லாருக்கும் ஒரே மாதிரியாவா வருவா? ஒனக்கு இப்படி வந்திருக்கா" என்றாள் ராமாயி.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சந்நிதிக்கு எதிரே உட்காரவைத்தார்கள். பூசாரி வீரையன் உடுக்கை அடித்துப் பாடினார். சாம்பிராணிப் புகை. இசைவாணிக்குக் குளிர் நடுக்கியது. பல் கிட்டியது. எதிரே, எட்டு மாத வயிற்றோடு, இரண்டு கையிலும் முழங்கைவரை வளையலோடு மாலதி உட்கார்ந்திருந்தாள். இசைவாணிக்கு அந்த வளையல்களைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"எனக்கு மட்டும் ஏன் வளையல் இல்ல? நான் என்ன செஞ்சேன்?"

அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. உடுக்கை நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். வீரையன் அவள் முன்னால் மண்டியிட்டு, "தாயே, வளையல் போட்டுடறோம். மனசு குளுந்து நில்லு" என்றார். யாரோ ஓடிப்போய்க் கடையிலிருந்து வளையல் அட்டையைக் கொண்டுவந்தார்கள். ராமாயி அவள் கையைப் பிடித்து ஒவ்வொன்றாக மாட்டினாள். அழுதுகொண்டே மாட்டினாள்.

எல்லாரும் தாயே, தாயே என்று விழுந்து கும்பிட்டார்கள். மாலதி மட்டும் சிரமப்பட்டு எழுந்து பக்கத்தில் வந்து, காதோடு, "அண்ணி, என்னை மன்னிச்சுடுங்க" என்றாள்.

அதைப்பற்றி அவர்கள் இருவரும் பிறகு ஒருபோதும் பேசிக்கொள்ளவில்லை.

அதற்குப்பின் வாசலில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் சொந்தத் தெருக்காரர்கள். பிறகு பக்கத்து ஊர். ஒருநாள் நிலம் வைத்திருப்பவர்களின் குடியானத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வந்து, வாசலுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு, திருநீறு கேட்டு நின்றார்கள். இசைவாணியின் அம்மா ஆயுசெல்லாம் அவர்கள் வீட்டுக் கொல்லைப்பக்கமாகவே போய்வந்தவள். அவர்களில் ஒருத்தி குனிந்து இசைவாணியின் காலைத் தொட்டாள்.

பேசியது அம்மன் இல்லை, தான்தான் என்று இசைவாணிக்குத் தெரியும். சொல்லிவிடலாம் என்று முதல் வாரம் நினைத்தாள். அப்புறம் அந்த நினைப்பும் வரவில்லை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் முதல் பந்தியில் கூப்பிட மறந்தவர்கள் இப்போது அவள் கையால் குங்குமம் வாங்கிப் போனார்கள். அவள் நெற்றியில் இட்டுவிட்ட ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருப்பதாகச் செய்தி வந்தது. அன்று கண்ணாடியில் சிவந்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எரிந்தது. எரிச்சல்கூட அவளுக்குப் பிடித்திருந்தது.

புரட்டாசியில் கால் வீங்கியது. எழுந்து நிற்க முடியவில்லை. சேரன் யாரையும் கேட்காமல் அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனான். பெரிய டாக்டர் ஜாஃபர் சாதிக், நிதானமாகப் பேசுகிறவர். முகத்தைப் பார்த்ததுமே விரல்களை மடக்கச் சொன்னார். கர்ப்பம் கலைந்ததைப் பற்றி விசாரித்தார். ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்துவிட்டு மறுநாள் உட்காரவைத்துச் சொன்னார்.

"லூபஸ்னு பேரும்மா. நம்ம உடம்பைக் காப்பாத்த வேண்டிய எதிர்ப்புச் சக்தி, நம்ம உடம்பையே எதிரின்னு நெனச்சு அடிக்கும். முகத்துல இருக்கறது, மூட்டு வலி, காய்ச்சல், எல்லாமே அதோட மேனிஃபெஸ்டேஷன்ஸ்தான்."

இசைவாணி நிமிர்ந்தாள். "என்ன சொன்னீங்க சார்?"

"அறிகுறிகள்னு சொல்லலாம். உள்ள இருக்கற வியாதி வெளிய தெரியற விதம்."

"குழந்தைங்க போனது?"

அவர் ரிப்போர்ட்டை மூடிவைத்தார். "அதுவும் இதனாலதாம்மா. உங்க தப்பு இல்ல. யாரு தப்பும் இல்ல."

 தினமும் கண்ணாடி முன்னால் தான் செய்வதற்கு என்ன பெயர் என்று சேரன் கேட்டபோது அவள் சொன்ன அதே வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருக்கிறது. அகராதியில் அதற்குப் பல அர்த்தங்கள் உண்டு என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் அவள். இந்த அர்த்தம் தன் உடம்புக்குள் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்ததை மட்டும் அவள் அறியவில்லை.

"சிறுநீரகத்துலயும் ஆரம்பிச்சிருக்கு. மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது" என்றார் டாக்டர். "முக்கியமான விஷயம், இப்ப கர்ப்பம் ஆகக்கூடாது. இந்த மாத்திரை சிசுவுக்கு ஆகாது. வியாதி அடங்கட்டும். ஒரு வருஷம் பொறுங்க. அப்புறம் வேற மாத்திரை மாத்தி, நானே சொல்றேன். பெத்துக்கலாம்."

அவர் பெத்துக்கலாம் என்றது சேரனுக்குக் கேட்டது. ஒரு வருஷம் பொறுங்க என்றதே இசைவாணிக்குக் கேட்டது.

மாத்திரை வேலை செய்தது. வீக்கம் வடிந்தது. ஐப்பசி முடிவதற்குள் கன்னம் வெளுத்துப் பழைய நிறத்துக்கு வந்தது. அதோடு வாசலில் ஆள் வருவதும் நின்றது. "அம்மா மலையேறிட்டா" என்று ராமாயி ஒரு பெண்ணிடம் சொல்லித் திருப்பி அனுப்பியது அவள் காதில் விழுந்தது. மாலதிக்கு ஆண் குழந்தை பிறந்து, பெயர் வைக்கும் நாள் வந்தது. குழந்தையைத் தொட்டிலில் போடச் சொந்தக்காரப் பெண்களைக் கூப்பிட்டார்கள். மாலதி, "அண்ணி எங்க?" என்று கேட்டாள். ராமாயி, "அவளுக்கு ஒடம்பு முடியல, படுத்திருக்கா" என்றாள். இசைவாணி பக்கத்து அறையில் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் பூமிகா மேடத்திடம் தன் நோயைப் பற்றிச் சொல்லி, மாத்திரை சாப்பிடலாமா என்று கேட்டாள்.

"நான் டாக்டர் இல்லை. உங்க முடிவு" என்றாள் திரையில் பூமிகா. "ஆனா ஒண்ணு யோசிங்க. காலையில நான் அம்மான்னு சொல்றீங்க. சாப்பிட்டதும் மாத்திரையைக் கையில எடுத்து நான் நோயாளின்னு சொல்றீங்க. பிரபஞ்சம் எதைக் கேக்கும்?"

கார்த்திகையில் ஒரு காலை இசைவாணி மாத்திரைகளைப் பள்ளிக்குப் போகும் வழியில் வாய்க்காலில் போட்டாள். சேரனிடம் சொல்லவில்லை. தினமும் அவன் எதிரே தண்ணீர் குடித்து, விழுங்குவது போலக் காட்டினாள். சில வாரங்களில் கன்னம் மறுபடி சிவந்தது. ராமாயி வேப்பிலை செருகினாள். செருப்புகள் வாசலுக்குத் திரும்பின.

தையில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது.

சேரனுக்கு அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. சம்பா அறுவடை முடித்து, உடம்பெல்லாம் நெல்சுணை அரிப்போடு வந்தவன் குளிக்காமலே அவள் எதிரே உட்கார்ந்தான்.

"எப்பலேருந்து நிறுத்தின?"

"கார்த்திகையிலேருந்து."

"டாக்டர் சொன்னது ஒனக்குப் புரியலையா? எனக்குப் புரிஞ்சுது. நீ படிச்சவ."

"புரிஞ்சுதுங்க. அவர் சொன்ன மாதிரியா ஆச்சு? மாத்திரை போட்டா எதுவுமே தங்காதுன்னு நிறுத்தினேன். தங்கிடுச்சு பாருங்க. நான் சொன்னேன், வந்துடுச்சு."

"இப்பவே போவோம். டாக்டர்ட்ட காட்டுவோம்."

அவள் அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "போனா கலைக்கச் சொல்லுவாரு. அஞ்சாம் மாசம் தாண்டட்டும். அந்த அஞ்சை மட்டும் தாண்டிட்டா நானே வர்றேன். ஒங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

அவன் கையை எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அவனும் ஏழு வருஷமாகக் காத்திருந்தவன். தெருவே அவளைக் கும்பிடுகிறது. ஒருவேளை ஏதாவது இருக்கலாம் என்று அவன் மனசு ஓரத்தில் நினைத்தது. சித்திரையில் மெஷினோடு நெல்லூர்ப் பக்கம் போனான். தினமும் போன் பண்ணுவான். அவள் நன்றாக இருப்பதாகச் சொன்னாள்.

ஐந்தாம் மாதம் தாண்டியது. குழந்தை அசைந்தது. அன்று முழுக்க இசைவாணி யாரோடும் பேசாமல் வயிற்றில் கைவைத்தபடி படுத்துக்கிடந்தாள். அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நாளைக்கு டாக்டரிடம் போகலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள்.

வைகாசிக் கடைசியில் முகமும் காலும் ஊதின. மோதிரம் கழலவில்லை. தலைவலியில் கண் மங்கியது. ராமாயி அம்மனுக்கு மாவிளக்கு போடப்போயிருந்த நேரத்தில் அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்தாள். பிள்ளையை எடுத்துக்கொண்டு வந்திருந்த மாலதிதான் சத்தம் கேட்டு ஓடினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அண்ணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நாக்கு கடிபடாமல் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தாயைக் காப்பாற்றக் குழந்தையை எடுத்தார்கள். பெண். உள்ளங்கையில் அடங்குவது போல இருந்தது என்று பிறகு மாலதி சொன்னாள். ஒரு பகல் மூச்சு இருந்தது. சேரன் நெல்லூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கியபோது துணியில் சுற்றித்தான் அவன் கையில் கொடுத்தார்கள்.

இசைவாணிக்கு நினைவு திரும்பியபோது கழுத்தில் குழாய் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் அவள் ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. இனி வேலை செய்யாது என்று சில வாரங்கள் கழித்து உறுதியாகச் சொன்னார்கள்.

டாக்டர் ஜாஃபர் சாதிக் திட்டவில்லை. "வந்திருக்கலாமேம்மா. மாசமானப்பறம் வந்திருந்தாக்கூட ஏதாவது செஞ்சிருப்பேன்" என்றார்.  திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஒரு காலை மாணவர்கள் கூட்டமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். வேறொரு டாக்டர் கேட்க, ஒரு பெண் ஒப்பிப்பது போலச் சொன்னாள். இந்தப் பேஷண்டுக்கு ஸ்கின் மேனிஃபெஸ்டேஷன் இது, ஜாயிண்ட்டில் இது, கிட்னியில் இது என்று வரிசையாக வந்தது. இசைவாணி ஒவ்வொன்றையும் கவனித்துக் கேட்டாள். குழந்தையைப் பற்றி எப்போது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். கடைசியில் அந்தப் பெண், "ப்ரெக்னன்ஸி லாஸ், மூணு" என்றாள். டாக்டர் தலையாட்டினார். அடுத்த கட்டிலுக்குப் போனார்கள்.

பூமிகா மேடத்துக்கு இசைவாணி ஒரு செய்தி அனுப்பினாள். என் குழந்தை போய்விட்டது என்று மட்டும். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. உங்கள் மனதின் அடியில் எங்கோ ஒரு பயம் இருந்திருக்கிறது, அதைத்தான் பிரபஞ்சம் கேட்டிருக்கிறது, அடுத்த வகுப்பில் அதைக் களைவோம் என்று எழுதியிருந்தது. அவள் அதைச் சேரனிடம் காட்டவில்லை.

ஊரில் ராமாயி வேறு மாதிரி சொன்னாள். அம்மா குடியிருந்த உடம்பை ஆஸ்பத்திரியில் அறுத்துவிட்டார்கள். அம்மன் கோபித்துக்கொண்டு பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வீரையனும் அதையே சொன்னார். யாரும் இசைவாணியின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் அவள் வீடு திரும்பியபோது தெருவில் பெண்கள் கதவுப்பக்கம் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். பழைய ஒதுக்கம் இல்லை அது. முன்பு அவளிடம் அதிர்ஷ்டம் இல்லை என்று ஒதுங்கினார்கள். இப்போது பயந்து ஒதுங்கினார்கள்.

பள்ளி வேலையை விட்டாள். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். காலை பஸ்ஸில் சேரன் அழைத்துப்போவான். அவன் அறுவடை மெஷினைக் கைவிட்டுவிட்டு உள்ளூரில் கிடைத்த வேலைக்குப் போனான். தன் சிறுநீரகத்தைத் தருவதாகச் சொல்லிப் பரிசோதித்துப் பார்த்தான். அவனுக்கே சர்க்கரை இருப்பது அப்போதுதான் தெரிந்தது, எடுக்கமுடியாது என்றுவிட்டார்கள். குடிக்கும் தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். அவள் எதற்கும் அழவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். சேரன் ஒருநாள், "என்னையாவது திட்டு வாணி. நான் அன்னிக்கே தூக்கிட்டுப் போயிருக்கணும்" என்றான். அவள், "சாப்பிட்டீங்களா" என்று கேட்டாள்.

ஆடி வந்தது. மேட்டூர் நிறைந்து உபரித் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். டயாலிசிஸ் இல்லாத ஒரு காலையில் அவளாகக் கேட்டாள்.

"எங்க பொதைச்சீங்க?"

அவன் திடுக்கிட்டான். அதுவரை அவள் கேட்டதில்லை. "ஆத்தங்கரையில. நம்ம தெரு சுடுகாட்டுக்குக் கீழ, சரிவுல."

"என்னைக் கூட்டிட்டுப் போங்க."

பைக்கில் மெதுவாகக் கூட்டிப்போனான். கரையில் நிறுத்தினான். காவிரி இரு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் ஓடியது. சரிவு முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது. வேலிக்காத்தான் செடிகளின் தலைகள் மட்டும் வெளியே தெரிந்து, ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

"எந்த எடம்?"

அவன் கையை நீட்டினான். "அந்தச் செடிக்குக் கீழ." பிறகு கை நகர்ந்தது. "இல்ல, அதுக்கு இந்தப் பக்கம். அப்ப காஞ்சு கெடந்துச்சு வாணி. இப்ப எனக்கு வெளங்கல."

"துணி சுத்தினீங்களா?"

"ம். ஒன் பொடவையைக் கிழிச்சு."

"எந்தப் பொடவை?"

அவன் யோசித்தான். அம்மா எடுத்துக் கொடுத்தாள், அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நினைவில் இல்லை. ஏதாவது ஒரு நிறத்தைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல" என்றான்.

அவள் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சேரன் கொஞ்ச நேரம் பைக்கைப் பிடித்தபடி நின்றான். பிறகு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான். "போலாமா?" என்று கேட்டான். அவள் கரையில் உட்கார்ந்தாள். அவன் மறுபடி கேட்கவில்லை.